கொச்சங்காடி ஷெட்டில் நிற்கும் லாரி

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
9-4-1978

பேச்சி அப்பாவுக்கு ஒச்சம்மாள் எழுதுவது.

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. ஜெயிலில் தமிழ் தெரிந்த வார்டர் படித்து முத்திரை போட்ட பிறகுதான் கடிதம் போகும் வரும் என்று எழுதியிருந்தீர்கள். அவரும் படிக்கட்டும், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒன்றரைப் பக்கம் லாரி. பேட்டரியைப் பார், ரேடியேட்டரில் தண்ணீர் பார், டயருக்குக் கல் வை. கடைசி வரியில், நீயும் பேச்சியும் சுகமாக இருக்கவும். உங்களுக்கு ஒரு வருஷம் என்று கோர்ட்டில் சொன்னபோது ஏழு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றவள் நான். எப்படி வீடு வந்து சேர்ந்தாய் என்று கேட்கத் தோன்றவில்லையா?

கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஊருக்கு வந்த நாளிலும் லாரியைத் துடைத்துவிட்டு அந்தக் கேபினிலேயே படுத்துவிடுவீர்கள். இஞ்சி கிடங்கில் புடைத்துவிட்டு முதுகு ஒடிந்து வருகிற எனக்கு இப்போது அதற்குச் சேவகம் வேறா? பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன்.

ஆனால் பிரேக் பிடிக்காமல்தான் அந்த ஔசேப்பு சேட்டன் செத்தார் என்று நீங்கள் சொன்னதை நான் நம்புகிறேன். குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயத்துக்கு மாதத்தில் எட்டு முறை மலை இறங்குகிற உங்களுக்கு அந்த வளைவு தெரியாதா? ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு சைக்கிளில் போன மனிதரை வேண்டுமென்றா இடிப்பீர்கள்? அதற்கு ஐந்து நாள் முன்புதான் மெக்கானிக் வெங்கிடாசலம் பிரேக் வேலை பார்த்தார். அந்தக் கோபத்தில் நேற்று அவர் பட்டறைக்குப் போனேன். வாசலில் நாலைந்து டிரைவர்கள் சாயா குடித்துக்கொண்டு நின்றார்கள்.

"பிரேக் மாட்டத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா பட்டறை? ஒரு ஆளக் கொன்னு, என் வீட்டுக்காரர ஜெயிலுக்கும் அனுப்பிட்டு நீ இங்க நட்டு முடுக்கிட்டு இருக்க" என்றேன்.

அவர் ஒரு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். "தாயி, மோட்டார் இன்ஸ்பெக்டர் பாத்தாரு. நானும் பாத்தேன். பிரேக்குல ஒரு குறையும் இல்ல" என்றார்.

"அப்போ என் புருஷன் பொய் சொல்றாரா?"

அவர் மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டார். அவர் மனைவி கமலாக்ஷி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக் கதவைச் சாத்தினாள். டிரைவர்களில் இரண்டு பேர் சாயா கிளாசை வைத்துவிட்டு, வண்டியைக் கொடுக்காமலே திருப்பிக்கொண்டு போனார்கள். எனக்குக் கொஞ்சம் ஆறியது.

ஒச்சம்மாள்


சென்ட்ரல் ஜெயில், விய்யூர்
22-4-1978

அன்புள்ள ஒச்சம்மாளுக்கு சங்கரலிங்கம் எழுதிக்கொண்டது.

நீ பட்டறை வாசலில் கேட்டது சரி. இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அவன் வேலையில் குறை, தண்டனை எனக்கு. இன்ஸ்பெக்டர் நின்ற வண்டியில் ஏறி இரண்டு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தான். நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

பழைய இரும்பு என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அது லேலண்டு வண்டி, ஒச்சம்மா. நான் எப்படி இந்தப் பைத்தியம் ஆனேன் என்று உனக்குத் தெரியாது. பதினான்கு வயதில் கம்பம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். மத்தியானம் வேலை இருக்காது. குமுளி மலை ஏறுகிற லாரிகளைப் பார்க்க அடிவாரத்துக்குப் போய்விடுவேன். கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் வரும். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் கியரைக் குறைக்கும்போது என்ஜின் ஒரு மூச்சு விட்டு மறுபடி பிடிக்கும். அந்த மூச்சை வைத்தே எந்த வண்டி, எவ்வளவு லோடு, ஓட்டுகிறவன் கைக்காரனா புதியவனா என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவை ஒரு டிரைவர் என்னை ஏற்றிக்கொண்டு போய் குமுளியில் இறக்கிவிட்டார். திரும்பி நடந்து வந்தேன். அப்பா அடித்தார். வலிக்கவே இல்லை.

ஷெட்டில் வேறு யார் கையும் வண்டியில் படக் கூடாது. நீயே செய். ஞாயிறுதோறும் பத்து நிமிஷம் என்ஜின் ஓட வேண்டும். முதலில் ஆயில் கோலை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார். கியர் நடுவில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார். அணைப்பதற்கு ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் வயரை இழுக்க வேண்டும், அதுதான் டீசலை நிறுத்தும். மறக்காதே.

பேச்சி படிக்கிறாளா?

சங்கரலிங்கம்


கொச்சங்காடி
8-5-1978

பேச்சி அப்பாவுக்கு,

உங்கள் சேவகம் செய்தாயிற்று. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேபினில் ஏறினேன். சாயாக் கடைக்காரர், "எந்தா ஒச்சம்மே, டிரைவராயோ?" என்று கேட்க, வழியில் போன எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் மேல் வந்த கோபத்தில்தான் சாவியைத் திருப்பினேன். முதல் தடவை இருமிவிட்டு நின்றது. இரண்டாம் தடவை பிடித்தது.

என்ன சத்தம் அது! தலைக்குள் மாவரைப்பது போல இருந்தது. பேச்சி ஷெட்டு வாசலில் நின்று "அம்மா, புகை, புகை" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். பத்தடி தூரம்தான். எனக்கு ஒரு எழுத்துக் கூடக் கேட்கவில்லை. அணைத்த பிறகு பிள்ளை அழுதுகொண்டு நின்றாள். இறங்கி வந்தும் என் உள்ளங்கை அதிர்ந்துகொண்டே இருந்தது. சோறு பிசையும்போதும் அதிர்ந்தது.

நன்றாக இருந்தது என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஒச்சம்மாள்


விய்யூர்
25-6-1978

அன்புள்ள ஒச்சம்மாளுக்கு,

நேற்று முன்தினம் வந்த கடிதத்தில் என்ஜின் பிடிக்கவில்லை, லாரியையும் என்னையும் சேர்த்துக் கடலில் தள்ளுவேன் என்று எழுதியிருந்தாய். மழைக்காலத்தில் நின்ற வண்டி அப்படித்தான் செய்யும். குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டது. காற்றிருந்தால் டீசல் போகாது. டீசலை வடிகட்டும் பில்டரின் தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். பதினாலாம் நம்பர் ஸ்பேனரால் அரைச் சுற்றுத் தளர்த்து. பக்கத்திலிருக்கும் கைப்பம்பை அழுத்திக்கொண்டே இரு. முதலில் நுரை வரும். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் முடுக்கு. அவசரப்படாதே.

இங்கே எனக்குச் சமையல்கட்டில் வேலை. உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான். கண்ணை மூடினால் அந்தச் சைக்கிள் மணி கேட்கிறது. வளைவு திரும்பியதும் கிணிங் கிணிங் என்று இரண்டு தரம் அடித்தார். ஒரு இருமல் இருமினார். அதுவும் கேட்டது. கேட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெங்கிடாசலம் நல்லா இருக்க மாட்டான்.

சங்கரலிங்கம்


கொச்சங்காடி
3-9-1978

அன்புள்ள பேச்சி அப்பாவுக்கு,

இந்தத் தடவை அன்புள்ள என்று எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

நுரை நின்று டீசல் நூல் மாதிரி வந்ததே, அதைப் பார்த்ததும் எனக்கு ஏன் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. முடுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒரே பிடி. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று இருக்கிறது. பத்து நிமிஷம் என்றீர்கள், அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். குளிர்ந்த என்ஜின் முதலில் கடகடவென்று பொரிந்து தள்ளுகிறது. சூடு ஏற ஏறச் சத்தம் உருண்டு வருகிறது. அந்த இடம் வந்ததும் என் வயிற்றில் ஏதோ இறங்கி உட்காருகிறது.

கிடங்கில் இஞ்சி புடைக்கும்போதும் காது தெருவில்தான். படகுத்துறைக்கு வருகிற மோட்டார் போட்டு நேற்று வேறு மாதிரி இருமியது. ஆறாம் நம்பர் பஸ்ஸுக்கு டீசல் பீச்சுகிற நாசில் ஒன்று சரியில்லை என்று கூட இருந்தவளிடம் சொன்னேன். மறுநாள் அந்தப் பஸ் வரவில்லை. அவள் என்னைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள்.

ஆனால் கோபம் தீரவில்லை. இது இவ்வளவு சுகம் என்று தெரிந்தும் ஒன்பது வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னைக் கேபினில் ஏற்றிப் பக்கத்தில் உட்கார வைத்தீர்களா? சினிமாவுக்கு அனுப்பினீர்கள்.

ஒரு சந்தேகம். அணைத்த பிறகு சும்மா உட்கார்ந்து பிரேக் பெடலை மிதித்துப் பார்த்தேன். ஒவ்வொரு மிதிக்கும் முன்னால் இருக்கும் மீட்டர் முள் ஒன்று இறங்குகிறது. கடைசியில் பெடலில் பலமே இல்லை. என்ஜினைப் போட்டால் முள் ஏறுகிறது. ஏன்?

உங்கள்
ஒச்சம்மாள்


விய்யூர்
19-9-1978

என் அன்புள்ள ஒச்சம்மாளுக்கு,

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். வார்டரும் சிரித்துக்கொண்டே கொடுத்தார். உன்னை ஏற்றாதது என் மடத்தனம். ஏன் ஏற்றவில்லை என்றால், உனக்குப் பிடிக்காது என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

நீ கேட்டது நல்ல கேள்வி. அது காற்றுப் பிரேக். காற்றை அடைத்து வைப்பது என்ஜின். என்ஜின் ஓடினால் டாங்கியில் காற்று நிரம்பும். அணைத்துவிட்டால் இருக்கிற காற்றுதான். பத்துப் பன்னிரண்டு மிதிக்குள் தீர்ந்துவிடும். பிறகு பெடல் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இதை எந்தக் கிளீனரும் என்னிடம் கேட்டதில்லை. நீ கேட்டாய்.

உன்
சங்கரலிங்கம்


கொச்சங்காடி
15-10-1978

பேச்சி அப்பாவுக்கு,

உங்கள் பதிலைப் படித்து மூன்று வாரம் ஆகிறது. மூன்று வாரமும் உங்களோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே இஞ்சி புடைத்தேன். இன்று காலை ஒரு காரியம் செய்தேன். பேச்சியிடம் பக்கத்து வீட்டுச் சைக்கிளைக் கொடுத்து ஷெட்டு வாசலில் நிறுத்தினேன். என்ஜினைப் போட்டுவிட்டு மணி அடிக்கச் சொன்னேன். அடித்தாள். கை ஆடுவது தெரிந்தது. கேட்கவில்லை. பம்பருக்கு அருகே வந்து அடிக்கச் சொன்னேன். கேட்கவில்லை. வயரை இழுத்து அணைத்தேன். கேட்டது. தெருக் கோடியில் யாரோ மூக்குச் சிந்துவதும் கேட்டது.

அந்த வளைவில் உங்களுக்கு எப்படி ஐயா மணி கேட்டது? அவர் இருமியது எப்படிக் கேட்டது?

டீசல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்து நியூட்ரலில் விட்டு இறக்கினீர்கள். மிதித்து மிதித்துக் காற்றைத் தீர்த்தீர்கள். பிரேக் வேலையில் ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு அது அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தும் கோர்ட்டில் பொய் சொன்னீர்கள். அது பயம், அதைக்கூட விட்டுவிடுவேன். என்னிடம் ஏன் சொன்னீர்கள்? என்னை அவர் வாசலுக்கு அனுப்பிக் கத்த வைத்தீர்கள். 'இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்' என்று ஜெயிலில் உட்கார்ந்து எழுதினீர்கள். அன்றிலிருந்து அந்தப் பட்டறைக்கு வண்டி வருவது பாதியாகிவிட்டது. கமலாக்ஷி குழாயடியில் என்னைக் கண்டால் குடத்தைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். ஒரு மனிதர் செத்தது போதாதென்று இன்னொரு மனிதரைச் சாகடிக்க என்னைக் கருவியாக்கினீர்கள்.

பிரேக் நன்றாக இருந்தது என்று வெங்கிடாசலத்துக்கு உங்கள் கையால் எழுதுங்கள். மூடின கவரில் வேண்டாம். கார்டில் எழுதுங்கள். தபால்காரரிலிருந்து எல்லாரும் படிக்கட்டும்.

ஒச்சம்மாள்


விய்யூர்
2-11-1978

ஒச்சம்மாளுக்கு,

நீ என் பெண்டாட்டியா போலீசா? வார்டர் படிக்கிற கடிதத்தில் இப்படி எழுத உனக்கு எவ்வளவு தைரியம்? நாலு ஸ்குரூ திருகத் தெரிந்ததும் எனக்கு வண்டி ஓட்டுவது எப்படி என்று சொல்ல வந்துவிட்டாயா? பதினெட்டு வருஷம் மலை இறக்கியவன் நான். எல்லா டிரைவரும் அப்படித்தான் இறக்குகிறான். மிச்சம் பிடித்தது யாருக்காக? யார் வயிற்றுக்கு?

இனி வண்டியைத் தொடாதே. உசிலம்பட்டியிலிருந்து என் தம்பி அய்யாசாமி வருவான். சாவியை அவனிடம் கொடுத்துவிடு.

சங்கரலிங்கம்


கொச்சங்காடி
21-1-1979

பேச்சி அப்பாவுக்கு,

தம்பி வந்தார். சோறு போட்டேன். சாவி கொடுக்கவில்லை. "மைனி, அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார். "வண்டி ஓடுற நிலையில இருக்குன்னு சொல்லுங்க" என்றேன்.

கார்டுக்காக இரண்டரை மாதம் காத்திருந்தேன். வரவில்லை. போன திங்கட்கிழமை நானே பட்டறைக்குப் போனேன். அன்றைக்குக் கத்திய அதே இடத்தில், அதே நேரம் பார்த்து நின்றேன். மூன்று டிரைவர்கள் இருந்தார்கள். "பிரேக் நல்லா இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் என்ஜின அணச்சுட்டு இறக்கினாரு. நான்தான் தெரியாம வந்து கத்திட்டேன்" என்றேன்.

வெங்கிடாசலம் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இப்ப வந்து சொல்ற. ஒம்பது மாசமா நான் பட்ட பாட்ட என்ன பண்ண?" என்றார். அவ்வளவுதான். நான் திரும்பிவிட்டேன். அவர் ஒன்றும் தவறாகக் கேட்கவில்லை.

பெண்டாட்டி சொன்னால் அரை நம்பிக்கைதான். டிரைவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். ஓட்டியவர் சொல்ல வேண்டும். உங்களுக்கு அடுத்த மாதம் விடுதலை என்று தம்பி சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். சொல்லாமல் வந்தால் இந்தக் கதவு திறக்காது. பேச்சி அழுவாள், நானும் அழுவேன், ஆனாலும் திறக்காது.

ஒச்சம்மாள்


உசிலம்பட்டி
6-4-1979

ஒச்சம்மாளுக்கு,

வெளியே வந்து ஆறு வாரம் ஆகிறது. கொச்சி பஸ் நிற்கும் இடம் வரை வந்தேன். பிறகு இங்கே வரும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். உன் கதவு திறக்காது என்ற கோபம் என்று தம்பியிடம் சொன்னேன். அது பொய்.

இங்கே கடிதத்தைப் படிக்க வார்டர் இல்லை, அதனால் எழுதுகிறேன். டீசல் மிச்சம் என்று எல்லாரும் சொல்வோம். என் விஷயத்தில் அதுவும் பொய். பின்னால் ஒன்பது டன் வெங்காயம் தள்ளும். வயரை இழுத்ததும் அவ்வளவு சத்தமும் சட்டென்று நின்றுவிடும். டயர் சத்தமும் காற்றும் மட்டும். பள்ளத்தில் குருவி கத்துவது கேட்கும். அவ்வளவு பெரிய வண்டி என் இரண்டு கைக்குள் மிதந்து போகும். மூன்று மைல். அந்த மூன்று மைலுக்காகவே நான் அந்த ரூட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். என்ஜின் பைத்தியம் என்று என்னை ஊரே சொல்லும். என்ஜின் நிற்கிற அந்த நிமிஷத்துக்குத்தான் நான் பைத்தியம்.

அன்றைக்கு பிரேக் பெடல் மெத்தென்று இறங்கியது. கியர் போட்டேன், சக்கரப் பல் கடித்ததே தவிர கியர் விழவில்லை. மணி கேட்டது. நான் ஹாரன் கூட அடிக்கவில்லை. கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

இதை யாரிடம் சொல்வது? வெங்கிடாசலத்தின் மேல் போட்டேன். திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, பாதி நாள் நானே நம்பினேன்.

பட்டறை விலாசத்துக்கு நேற்று கார்டு போட்டுவிட்டேன்.

சங்கரலிங்கம்


கொச்சங்காடி
17-4-1979

பேச்சி அப்பாவுக்கு,

கார்டு வந்தது. நீங்கள் நினைத்த மாதிரி, நான் நினைத்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. தபால்காரருக்குத் தமிழ் தெரியாது. வெங்கிடாசலம் படித்தார், மறுபடி படித்தார், கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையில் வைத்தார். பிறகு அங்கிருந்த கம்பத்து டிரைவர் கேட்டு வாங்கி உரக்க வாசித்தாராம். கமலாக்ஷி கேட்டு அழுததாகச் சொன்னார்கள். சாயங்காலம் குழாயடியில் நான் இருந்தபோதும் அவள் குடம் நிறையும் வரை நின்றாள்.

நேற்று பட்டறையில் ஒரு லாரியின் என்ஜின் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. தெருவில் போன நான் நின்றுவிட்டேன். வெங்கிடாசலம் பார்த்தார். "என்ன?" என்றார். "மூணாவது நாசில்" என்றேன். கழற்றிப் பார்த்தார், அதுதான். "நாளைலேருந்து எட்டு மணிக்கு வா. வளையலக் கழட்டி வச்சிட்டு வா" என்றார். சிரிக்கவில்லை. இஞ்சி கிடங்கில் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது கோபம் குறையும் என்று நினைத்தேன். கூடிவிட்டது. அந்த மூன்று மைல் சுகத்தை நீங்கள் எழுதியிருப்பதைப் படித்து, ஒரு கணம் எனக்கும் ஆசையாக இருந்தது. அதனால்தான் கூடியது. அந்த ஆசையால்தான் ஒருவர் வீடு திரும்பவில்லை. எனக்கும் அது இருக்கிறது என்று தெரிந்த பிறகு உங்களை மட்டும் திட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. ஆனால் திட்டுவேன். கடிதத்தில் திட்டித் திட்டிக் கை வலிக்கிறது. நேரில் திட்ட வேண்டும்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முண்டக்கயம் சந்தைக்கு வருகிறவர்களிடம் விசாரித்துவிட்டேன். ஔசேப்பு சேட்டனின் மனைவி அங்கேயேதான் இருக்கிறார், சர்ச்சுக்குப் பின்னால் வீடு. இரண்டு பெண் பிள்ளைகள். பிரேக் போய்விட்டது என்றுதான் அவர்களும் இன்று வரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வருகிற 28-ம் தேதி சனிக்கிழமை கம்பத்தில் காலை முதல் பஸ் ஏறுங்கள். நான் இங்கிருந்து புறப்பட்டு முண்டக்கயம் ஸ்டாண்டில் நிற்பேன். பேச்சியைக் கூட்டி வரவில்லை. உங்களைத் தனியாக அந்த வாசலுக்கு அனுப்ப மாட்டேன், கூடவே நிற்பேன். பேச வேண்டியது நீங்கள்.

பஸ் நின்றதும் இறங்குங்கள். இறங்காமல் அதே பஸ்ஸில் போய்விட்டாலும் நான் பின்னால் ஓடி வர மாட்டேன். நேரே அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவேன்.

ஒச்சம்மாள்